கரட்டுக்காட்டு லைன்

உஷாராணி முப்பத்தோராவது வயதில்தான் கம்பம் ஏறக் கற்றுக்கொண்டாள். அதுவரை ராசிபுரத்தில் முல்லை நெட் என்ற இன்டர்நெட் கம்பெனியின் ஆபீஸில் உட்கார்ந்து, "மோடத்த ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் கேபிள் ஒட்டுகிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூருக்குப் போய்விட்டான். மயிரிழை போன்ற கண்ணாடி நூலைச் சீவி, இரண்டு முனைகளையும் ஒரு சின்ன மிஷினில் வைத்து உருக்கி ஒட்டுகிற வேலை. மூன்று வருடம் பக்கத்திலிருந்து பார்த்ததில் அவளுக்கு அது மனப்பாடமாகியிருந்தது. முதலாளி குமாரசாமி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, "நான் போய்ப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள். அன்று சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போனாள். அடுத்த வாரம் சுடிதாருக்கு மாறினாள். பிறகு அந்த ஆபீஸ் நாற்காலிக்குத் திரும்பவே இல்லை.

அப்போது ராசிபுரத்தில் இரண்டு கம்பெனிகள். முல்லை நெட் ஒன்று, விரைவு பைபர் இன்னொன்று. ஒரே தெருவில், ஒரே கம்பத்தில் இரண்டு கேபிளும் போகும். மேலே போவது யாருடையது, கீழே போவது யாருடையது என்பதற்கே கைகலப்பு நடந்திருக்கிறது. ஒரு வீட்டில் கிரகப்பிரவேசம் என்றால் பந்தல்காரருக்கு அடுத்தபடியாக இரண்டு கம்பெனி ஆட்களும் நோட்டீஸோடு போய் நிற்பார்கள். விரைவு பைபரின் லைன் ஆட்களுக்குத் தலைவன் முபஷிர். உஷாராணியைவிட ஐந்து வயது இளையவன். கடைவீதியில் அத்தர் கடை வைத்திருந்தவரின் மகன். கடையில் உட்காரப் பிடிக்காமல் கேபிள் இழுக்க வந்தவன்.

கொரோனா வருடத்தில் பள்ளிக்கூடம் எல்லாம் வீட்டிலிருந்தபடியே நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பரீட்சை நாள் காலையில் உஷாராணியின் நாற்பது வீடுகள் ஒரே நேரத்தில் நின்றுபோயின. ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். கேபிள் வாழைத்தண்டை நறுக்கியதுபோல நேராக வெட்டுப்பட்டிருந்தது. இறங்கின வேகத்திலேயே விரைவு பைபர் ஆபீஸுக்குப் போய் வாசலில் நின்று கத்தினாள். முபஷிர் டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

"எலி கடிச்சிருக்கும்ங்க" என்றான்.

"கட்டிங் பிளேயர் வச்சிருக்கற எலியா, பாய்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, அவரவர் கேபிளை அவரவர் பார்த்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவளும் முபஷிரும் எதிரெதிரே வந்தால் வண்டியைக் கூட மெதுவாக்க மாட்டார்கள்.

2023 ஜூனில் மும்பையிலிருந்த ஒரு பெரிய கம்பெனி விரைவு பைபரை வாங்கியது. முல்லை ஆபீஸில் அன்று மிக்சர் வாங்கிக் கொண்டாடினார்கள். ஆகஸ்டில் அதே கம்பெனி முல்லை நெட்டையும் வாங்கியது. குமாரசாமி ஆளுக்கொரு நெய் மைசூர்பாகுப் பெட்டியைக் கொடுத்து, "நல்லா இருங்க சாமி, எனக்கு சுகர் வேற இருக்குது, இனி ஓட முடியாது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அந்தப் பெட்டியை உஷாராணி வீட்டில் பிரிக்காமலே இரண்டு நாள் வைத்திருந்தாள்.

சேலத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் கூட்டம் போட்டு எல்லோருக்கும் நீல நிறப் பனியனும் தொப்பியும் கொடுத்தார்கள். ஏரியா மேனேஜராக வந்தவர் மணிமாறன். முப்பத்தைந்து வயதிருக்கும். தருமபுரிக்காரர், சத்தமில்லாமல் பேசுகிற மனிதர்.

"ஒரு தெருவுக்கு ரெண்டு லைன் எதுக்குன்னு மேல கேக்கறாங்க. ஒண்ணு இருக்கும், ஒண்ணக் கழட்டிருவோம். எது நல்லா இருக்குன்னு ரெண்டு டீமும் சேர்ந்தே அளந்து குடுங்க" என்றார்.

அளந்தார்கள். ஊருக்குள் விரைவு பைபரின் கேபிள்தான் புதிது. முல்லையின் கேபிளைக் கழட்டுவது என்று முடிவாயிற்று. கழட்டப்போகும் லைனை இழுத்த உஷாராணியையும், தங்கப்போகும் லைனை இழுத்த முபஷிரையும் ஒரே டாட்டா ஏஸ் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். வண்டியை அவன் ஓட்டினான். முதல் மூன்று நாள் இருவரும் இடது, வலது தவிர வேறு எதுவும் பேசவில்லை.

நான்காம் நாள் ஆத்தூர் ரோட்டில் ஒரு கம்பத்தின் மேல் அவனுடைய ஜாயின்ட் பெட்டியைத் திறந்து, ஒரு வாடிக்கையாளரை இந்த லைனிலிருந்து அந்த லைனுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பெட்டிக்குள் இழைகளெல்லாம் வட்டம் வட்டமாக, சிக்கில்லாமல், நிறவாரியாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஒரு சீட்டு. உஷாராணி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாரு கட்டுனது இது?"

"நாந்தாங்க்கா" என்றான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த முபஷிர். அக்கா என்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

இறங்கி வந்து தண்ணீர் குடித்தாள். அவன் ரோட்டைப் பார்த்தபடி சொன்னான்: "அந்தப் பரீட்ச அன்னிக்கு வெட்டுனது நாந்தான். ஓனர் சொன்னாரு. அப்ப எங்கூட்டுல சாதியாளுக்கும் ஆன்லைன் பரீட்சதான். அவ உக்காந்து எழுதிட்டிருக்கறா, நான் இங்க வந்து வெட்டறேன்."

சாதியா அவனுடைய மகள் என்பது அவளுக்குத் தெரியும். உஷாராணி பாட்டிலை மூடினாள்.

"நாமகிரிப்பேட்டையில உங்க லைன் ரெண்டு தடவ அறுந்துதே. லாரி பட்டு அறுந்துதுன்னு எழுதுனீங்களே."

"ஆமா."

"லாரி இல்ல, தம்பி."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஏணியை மடக்கி வண்டியில் ஏற்றினான். மறுநாள் அவன் மனைவி ரபியா கொடுத்துவிட்ட தேங்காய்ப்பால் சோறு அவளுக்கும் ஒரு டப்பாவில் வந்தது.

வருடக் கடைசிக்குள் பதினொரு ஆட்களில் ஐந்து பேரை நிறுத்திவிட்டார்கள். ஊர்க்கேபிளை மாசியிலேயே கழட்டி முடித்தார்கள். மிச்சமிருந்தது போதமலை அடிவாரத்துக்குப் போகும் லைன். அங்கே விரைவு பைபர் போனதே இல்லை. பதினாலு கிலோமீட்டர் கேபிள் இழுத்து, கரட்டுக்காடு, அதைச் சுற்றி மூன்று சின்ன ஊர்கள், மொத்தம் அறுபத்தொரு வீடுகளுக்கு இணைப்பு கொடுத்தது உஷாராணிதான். மலை மறைப்பதால் அங்கே செல்போன் சரியாக எடுக்காது. பேசவே மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும்.

மார்ச் மாதம் வந்த பட்டியலில் அந்த அறுபத்தொரு வீடுகளுக்கும் நேராக 'சேவை எல்லைக்கு வெளியே' என்று இருந்தது. ஏப்ரல் பன்னிரண்டோடு நிறுத்தம். அதற்குப் பதிலாக சிம் கார்டு போட்ட வைஃபை பெட்டி தரலாம் என்று ஒரு குறிப்பு.

உஷாராணி ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு கரட்டுக்காட்டுக்குப் போனாள். பெரியநாயகியின் கோழிப்பண்ணையில் வைத்துப் பார்த்தாள். ஆறாயிரம் கறிக்கோழி வளர்கிற, நாலாபுறமும் மூடின ஷெட் அது. ஒரு கோடியில் ஆளுயர ஃபேன்கள் ஓடிக்கொண்டே இருக்கும். வெயில் காலத்தில் ஃபேன் கால் மணி நேரம் நின்றால் கோழிகள் மூச்சு முட்டிச் சாக ஆரம்பிக்கும். கரண்ட் போனாலோ சூடு ஏறினாலோ ஷெட்டில் மாட்டியிருக்கும் ஒரு சின்னப் பெட்டி, இன்டர்நெட் வழியாகப் பெரியநாயகியின் போனுக்குச் செய்தி அனுப்பும். அவள் ராசிபுரம் சந்தையில் இருந்தாலும் தெரிந்துவிடும். கணவர் திருப்பூர் வேலைக்குப் போய்விட, ஐம்பது வயதில் பண்ணையைத் தனியாக நடத்துகிறவள் அவள்.

புதுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஷெட்டின் கூரை மேல் வைத்தார்கள், வேப்பமரத்தில் கட்டினார்கள். சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது.

"இது ஆகாதுங்க அக்கா" என்றாள் உஷாராணி.

"அப்ப இருக்கறதக் கழட்டாத சாமி. இருந்துட்டுப் போகட்டும்."

"கழட்டுனாலும் கழட்டாட்டியும், சேலத்துல ஆஃப் பண்ணிருவாங்க."

அவள் படம் எடுத்து, அளவு எழுதி, புகாராகப் பதிந்தாள். இரண்டு நாளில் 'தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது. திரும்பப் பதிந்தாள். திரும்பவும் தீர்க்கப்பட்டது.

ஏப்ரல் முதல் வாரம் மணிமாறன் அவளைச் சேலத்துக்கு வரச் சொன்னார். உட்காரச் சொல்லி, மோர் வாங்கிக் கொடுத்தார்.

"ராசிபுரத்துக்கு ஒரு சூப்பர்வைசர்தான். உங்களப் போட்டிருக்கேன். முபஷிருக்கு ஓசூர். இன்னும் அவர்ட்ட சொல்லல."

"எங்கள ரெண்டு பேரையும் இங்கயே வெச்சுக்க முடியாதுங்களா?"

"முடியாது. அந்த மலை லைனையும் இந்த மாசத்துக்குள்ள முடிச்சுருங்க."

உஷாராணி மோரைக் குடித்து முடித்தாள். பதவி உயர்வு வேண்டாம் என்று நினைக்கிற அளவுக்கு அவளுக்கு வசதி இல்லை. கணவர் குமரகுரு லாரிப் பட்டறையில் டிங்கரிங் வேலை செய்கிறவர். வேலை இருக்கும் மாதமும் உண்டு, இல்லாத மாதமும் உண்டு. ஆனாலும் அவள் கேட்டுவிட்டாள்.

"அந்த லைனக் கழட்ட ஆறு ஆளு, ரெண்டு நாளு ஆகும். கழட்டி வர்ற கேபிள் எதுக்கும் ஆகாது. கழட்டாம, கைவிட்டதா எழுதி எனக்குக் குடுத்தீங்கன்னா?"

"குடுத்தா என்ன பண்ணுவீங்க?"

"நாமக்கல்லுல லைசென்ஸ் வெச்சிருக்கற சின்னக் கம்பெனி ஒண்ணு இருக்குதுங்க. ஊருல பார்ட்னர் எடுக்கறாங்க. அவங்ககிட்ட இன்டர்நெட் வாங்கி நான் குடுத்துக்கறேன்."

மணிமாறன் பேனாவை மேஜையில் உருட்டினார். "எங்க ஆளுக்கே எங்க கேபிளக் குடுக்க முடியாது. வேலைய விட்டாத்தான் முடியும். விட்ட பெறகு மேல இருந்து ஒத்துக்கலேன்னா ரெண்டும் போயிரும். நல்லா யோசிச்சுக்குங்க."

அவர் சொன்னதில் மிரட்டல் எதுவும் இல்லை. அவள் பஸ் ஏறி வந்தாள். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராக முபஷிரைப் பார்த்து ஓசூர் விஷயத்தைச் சொன்னாள். அவனுக்குத் தெரியாமல் தான் மட்டும் அதை வைத்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. அவனுடைய அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது. அவன் வண்டியின் டயரை எட்டி உதைத்தான்.

"ஓசூரா? எங்க அத்தாவப் பாத்துக்கறது யாரு? நான் போவல."

"போவாம?"

"தெரியல."

கரட்டுக்காட்டு யோசனையை அப்போதுதான் அவனிடம் சொன்னாள். அவன் அறுபத்தொரு வீடுகளையும் ஒரு தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். "அது பத்தாதுங்க்கா. சுத்துப்பட்டு ஊருக்கும் இழுக்கோணும். எரநூறு ஊடு வந்தா ரெண்டு குடும்பம் ஓடும்" என்றான்.

வீட்டில் குமரகுரு கேட்டதும் சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"முப்பது தேதியானா சம்பளம் வர்ற வேலைய விட்டுப்போட்டு, அவன் வேண்டாம்னு எறியற கேபிள வாங்கறேங்கற?"

"ஆமாங்க."

"கூட யாரு?"

"முபஷிரு."

"அந்தக் கட்டிங் பிளேயர்காரனா?"

"ஆமாங்க."

குமரகுரு எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். பிறகு, "ஆறு மாசம் பாரு. ஆறே மாசம்" என்றார். அவர் சம்மதித்ததாகவே அவள் எடுத்துக்கொண்டாள்.

இருவரும் ஏப்ரல் பத்தாம் தேதி ராஜினாமா எழுதிக் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் தேதி சேலத்திலிருந்து கரட்டுக்காட்டு லைனை நிறுத்தினார்கள். கைவிடப்பட்டது என்ற கடிதத்துக்காக மணிமாறன் மேலே எழுதியிருந்தார். நாலு நாளில் வந்துவிடும் என்று அவர் சொன்னார். அதையே உஷாராணி ஊர் ஊராகப் போய்ச் சொன்னாள்.

"நாலே நாளுங்க அக்கா" என்று பெரியநாயகியிடமும் சொன்னாள்.

பெரியநாயகி அந்த நாலு நாளும் ஷெட்டை விட்டு நகரவில்லை. கட்டிலைக் கொண்டுபோய் அங்கேயே போட்டுக்கொண்டாள். ஐந்தாம் நாளும் கடிதம் வரவில்லை. ஏழாம் நாள் அவளுடைய தம்பி மகளுக்கு எருமப்பட்டியில் கல்யாணம். அத்தை வீட்டுச் சீரை அவள் கொண்டுபோகாமல் முடியாது. பண்ணையாளிடம் நூறு தரம் சொல்லிவிட்டுப் போனாள். பகல் பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. தானாக ஓட வேண்டிய ஜெனரேட்டர் ஓடவில்லை. பண்ணையாள் தீவன மூட்டை இறக்கும் லாரியோடு வாசலில் இருந்தார். ஷெட்டுக்குள் ஃபேன் சத்தம் அடங்கிவிட்டதை அவர் கவனித்தபோது இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. எருமப்பட்டி மண்டபத்தில் பெரியநாயகியின் போனுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை.

ஆயிரத்து நானூறு கோழிகள் செத்துப்போயின. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள்.

உஷாராணியும் முபஷிரும் செய்தி கேட்டுப் போனார்கள். முபஷிர் மண்வெட்டியை வாங்கிக் குழி மூட நின்றான். பெரியநாயகி கல்யாணத்துக்குக் கட்டின பட்டுச்சேலையோடே திண்டில் உட்கார்ந்திருந்தாள். உஷாராணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நாலு நாளுன்னு சொன்னயே அம்மிணி" என்றாள் பெரியநாயகி. "பத்து நாளாகும்னு சொல்லீருந்தீன்னா, ஆத்தூர்லருந்து என் மருமவன வரச் சொல்லீருப்பேன்."

மணிமாறன் சொன்னதை உஷாராணி நம்பி இன்னொருவருக்குச் சொன்னாள். ஆனால் பெரியநாயகிக்குச் சொன்னது அவள் வாய்தான். அன்றிலிருந்து எந்த வாடிக்கையாளருக்கும் அவள் தேதி சொல்வதில்லை. "வந்தா வரும், வராட்டி வந்து சொல்றேன்" என்பாள். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

பதினோராம் நாள் கடிதம் வந்தது. 'மேற்படி கேபிள் கம்பெனிக்குத் தேவையில்லாததால் கைவிடப்பட்டது' என்று ஒரே வரி. நாமக்கல் கம்பெனியோடு ஏற்கெனவே பேசி வைத்திருந்ததால் மறுநாளே லைனை இணைத்தார்கள். முபஷிர் சாலையோரப் பெட்டியில் ஒட்டினான், உஷாராணி கரட்டுக்காட்டுக் கோடியில் இழையில் வரும் ஒளியை அளக்கிற மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லைட் வருதாக்கா?" என்று அவன் கத்தினது போனில் விட்டு விட்டுக் கேட்டது.

"வருது."

முதல் இணைப்பை உஷாராணி பெரியநாயகியின் ஷெட்டில் கொடுத்தாள். பெரியநாயகி வாங்கிக்கொண்டாள். ஆனால் உஷாராணியோடு முகம் பார்த்துப் பேச அவளுக்கு ஆடி மாதம் வரை ஆயிற்று. அறுபத்தொரு வீடுகளில் ஐம்பத்தெட்டு திரும்பி வந்தன.

பிறகு அவர்கள் ஓடின ஓட்டத்துக்குக் கணக்கில்லை. மலையடிவாரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை ரோடு வரை ஐந்து ஊர்களுக்கு இழுத்தார்கள். மரவள்ளிக் காட்டு வரப்பில் கேபிள் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். இடி விழுந்தால் பெட்டி எரியும். குரங்கு தொங்கினால் கேபிள் அறும். யாரும் வேண்டுமென்றே வெட்டவில்லை, ஏனென்றால் அங்கே வேறு யாரும் இல்லை. குமரகுரு சொன்ன ஆறு மாதம் முடிந்ததை அவரும் நினைவுபடுத்தவில்லை, அவளும் நினைவுபடுத்தவில்லை. ஒன்றரை வருடத்தில் இருநூற்று நாற்பது வீடுகள் சேர்ந்தன.

அந்த எண்ணிக்கை வந்ததும் ரோட்டோரத்தில் புதுக் கம்பங்கள் முளைத்தன. முன்பு வாங்கின கம்பெனி இல்லை, அதோடு போட்டி போடும் இன்னொரு கம்பெனி. மூன்று மாதம் இலவசம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். பத்து நாளில் முப்பது வீடுகள் போயின. அதற்கடுத்த வாரம் அந்தக் கம்பெனிக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். உஷாராணி பார்த்தாள். மணிமாறன்.

"பழைய கம்பெனிய இன்னொருத்தன்கூடச் சேத்துட்டாங்க. ஒரு ஏரியாவுக்கு ரெண்டு மேனேஜர் எதுக்குன்னு கேட்டாங்க" என்றார் அவர். லேசாகச் சிரித்தார். "இப்ப இங்க இருக்கேன். நேராவே சொல்லிர்றேன். ரோட்டோர ஊரு அஞ்சும் எங்களுக்கு வேணும். நல்ல விலைக்கு வாங்கிக்கறோம். மாட்டேன்னாலும் நாங்க அங்க வரத்தான் போறோம்."

"கரட்டுக்காடு?"

"அது வேண்டாம்."

அவர் போன பிறகு இருவரும் வண்டி நிழலில் நின்றார்கள்.

"குடுத்தர்லாங்க்கா" என்றான் முபஷிர்.

"நாம இழுத்த லைனு தம்பி. வரப்புல பாம்பக் கண்டு ஓடுனமே, அந்த லைனு."

"அதனாலதான் சொல்றேன். இன்னும் ஆறு மாசத்துல அவன் எல்லா ஊட்டுக்கும் இலவசமாக் குடுத்து முடிச்சிருவான். அப்ப நம்ம லைன வாங்க அவனுக்கு அவசியமே இருக்காது. அன்னிக்கு அவங்க கைவிட்ட கேபிள நாம வாங்குனம். நாளைக்கு நம்மதே அப்படி ஆயிரும்."

அவளுக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே அவன் வீட்டுக்குப் போனாள். ரபியா டீ கொடுத்தாள். உள்ளே முபஷிரின் அப்பா இருமிக்கொண்டிருந்தார். சாதியா பிளஸ் ஒன் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரோட்டோரத்தக் குடுத்தர்லாம்" என்றாள் உஷாராணி. "மலையடிவாரம் நம்மகிட்ட இருக்கட்டும். அத அவனும் கேக்கல."

"நானும் அதத்தானுங்க்கா சொல்ல வந்தேன். நீங்கதான் பேசவே விடல."

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது ஒவ்வொரு பக்கத்தையும் அவள் முபஷிரைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். விற்ற ஊர்களில் மூன்று வருடத்துக்கு அவர்கள் இருவரும் எந்த இணைப்பும் தரக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிடும்படி கேட்டாள். மணிமாறன் மேலே பேசிப் பார்த்துவிட்டு, முடியாது என்றார். இருவரும் அப்படியே கையெழுத்துப் போட்டார்கள். வந்த பணத்தில் தன் பங்கை வைத்து முபஷிர் அவன் அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தான். உஷாராணி இழை ஒட்டுகிற புது ஸ்ப்ளைசிங் மிஷின் ஒன்று வாங்கினாள். மலையடிவாரத்தில் இப்போது தொண்ணூற்று மூன்று வீடுகள். ஒரு குடும்பத்துக்கு அது போதும், இரண்டுக்குப் போதாது. அதனால் முபஷிர் வாரத்தில் மூன்று நாள் கோழிப்பண்ணைகளுக்குக் கேமரா மாட்டப் போகிறான். மற்ற நாள் அவளோடு வருகிறான்.

விற்று நாலு மாதம் கழித்து ரோட்டோரத்திலிருந்து போன் வர ஆரம்பித்தது. நேற்று பேசியது தேவிப்ரியா. நாமகிரிப்பேட்டை ரோட்டில் இ-சேவை மையம் வைத்திருக்கிற பெண்.

"உஷாக்கா, ரெண்டு நாளா நெட்டு இல்லைங்க. வந்தவங்கெல்லாம் திரும்பிப் போறாங்க. கஸ்டமர் கேருக்குப் போட்டா ஒண்ண அமுத்து, ரெண்ட அமுத்துங்குது. அமுத்துனா இந்தியில பேசறாங்க. உங்க லைனையே குடுத்தர்றீங்களா?"

"குடுக்கக் கூடாது கண்ணு. கையெழுத்துப் போட்டிருக்கறேன்."

"அப்ப எப்பத்தான் குடுப்பீங்க?"

உஷாராணி விரல் விட்டு எண்ணினாள். "இன்னும் ரெண்டு வருசம் எட்டு மாசம் இருக்குது. அதுக்குள்ள அந்தக் கம்பெனிய எவன் வாங்கறானோ, பாக்கலாம்" என்றாள்.

தேவிப்ரியா சிரிக்கவில்லை. "மணிமாறன் சார் நம்பராச்சும் குடுங்க" என்றாள். அதைக் கொடுத்தாள்.